ஐந்திணைக்கும் ஒரே விலையா? உதவி உபகரணச் செலவை மதிப்பிட மூன்று வழிகள்

பத்தமடையில் என் ஆச்சியின் வெற்றிலைச் செல்லத்தில், பாக்குவெட்டிக்கும் சுண்ணாம்பு டப்பிக்கும் நடுவே ஒரு காதொலிக் கருவி பல ஆண்டுகள் கிடந்தது. ஒரு முகாமில் வரிசையில் உட்காரவைத்துக் கொடுத்தார்கள். காதுக்கென்று அச்சு எடுக்கவில்லை. ரப்பர் முனை காதில் நிற்காமல் நழுவும். நழுவினால் கருவி கீச்சென்று கத்தும். கூடக் கொடுத்த பேட்டரி தீர்ந்த பிறகு அடுத்த பேட்டரி எங்கே கிடைக்கும் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பாய் நெய்யும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று ஆச்சி அதைக் கழற்றித் துணியில் சுற்றிச் செல்லத்துக்குள் வைத்துவிட்டாள். ஏதோ ஒரு பதிவேட்டில் அந்த நாளின் வரி இன்னும் இருக்கும்: காதொலிக் கருவி, வழங்கப்பட்டது, எண்ணிக்கை ஒன்று.

பாளையங்கோட்டையில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு தொண்டு அமைப்பில் நான் கணக்கு எழுதுகிறேன். நாடு முழுவதற்குமான உதவி உபகரணச் சேவைக்கு என்ன செலவாகும் என்று கேட்கிறவர்கள் முதலில் புரட்டுவது அந்த மாதிரிப் பதிவேடுகளைத்தான் என்பதால், அந்த ஒற்றை வரி என்னை வெகுநாளாக உறுத்துகிறது. செலவை மதிப்பிடப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. பழைய செலவை வைத்துக் கணிப்பது, மக்கள்தொகையை வைத்துப் பெருக்குவது, உபகரணம் தேவைப்படும் ஓர் ஆளைப் பின்தொடர்ந்து கூட்டுவது. எதை எங்கே நம்பலாம் என்பதைத் திருநெல்வேலிச் சீமையை வைத்தே பார்க்கிறேன்.

பழைய செலவுக் கணக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கான்பூரில் 1972இல் தொடங்கிய செயற்கை உறுப்புகள் உற்பத்திக் கழகமும், 1981 முதல் நடக்கும் மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டமும் இருக்கும் நாட்டில் பதிவேடுகளுக்குப் பஞ்சமில்லை. போன ஆண்டு இவ்வளவு, விலையேற்றம் இவ்வளவு, ஆகவே வரும் ஆண்டு இவ்வளவு என்று ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம். நிதித்துறை கேள்வி கேட்காது, தணிக்கையும் தடுக்காது. ஆனால் போன ஆண்டு 500 சக்கர நாற்காலி கொடுத்ததற்குக் காரணம் 500 பேருக்குத்தான் தேவை இருந்தது என்பதன்று. 500க்குத்தான் பணம் இருந்தது. வரிசைக்கே வராதவர் இந்தக் கணக்கில் பிறக்கவே இல்லை. வாங்கிக்கொண்டு செல்லத்தில் வைத்தவரோ பயனடைந்தவராக நிற்கிறார். டெண்டர் விலை, பொருள் வந்து சேர எத்தனை மாதம் ஆகிறது என்ற இரண்டையும் மட்டும் இந்தப் பதிவேடுகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மற்றதற்கு இவற்றை நம்பக் கூடாது.

மக்கள்தொகைக் கணக்கு கேட்பதற்கு நியாயமாக இருக்கும். மொத்தம் எத்தனை பேர், அவர்களில் எத்தனை சதவீதத்தினருக்குத் தேவை, ஒன்றின் விலை என்ன, மூன்றையும் பெருக்கு. பெருக்கிப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பின்போது, தென்காசி பிரியாத திருநெல்வேலி மாவட்டத்தில் 30.77 லட்சம் பேர். அதே கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகளைக் காட்டியது, அது 1.63 சதவீதம். அந்தச் சதவீதத்தைப் போட்டால் எங்கள் மாவட்டத்துக்குச் சுமார் 50,000 பேர். இந்தியாவுக்கு 2.68 கோடி, அதாவது 2.21 சதவீதம், அதைப் போட்டால் 68,000. உலக மக்களில் 16 சதவீதத்தினர் குறிப்பிடத்தக்க இயலாமையோடு வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. அதைப் போட்டால் 4.9 லட்சம். அதே ஆண்டு அந்த நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, உலகில் 250 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஓர் உதவி உபகரணமேனும் தேவை என்கிறது. 800 கோடியில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எங்கள் மாவட்டக் கணக்கு ஒன்பது லட்சத்தைத் தாண்டிவிடும்.

ஒரே மாவட்டம், ஒரே சனங்கள். ஐம்பதாயிரமும் ஒன்பது லட்சமும்.

இதில் எந்த எண்ணும் பொய் இல்லை. கேட்ட கேள்விகள் வேறு. 2011இல் வீட்டு வாசலில் நின்று எட்டு வகைகளில் எது என்று கேட்டார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 21 வகைகளைச் சொல்கிறது. உலக அறிக்கையோ வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வேண்டியவரையும் எண்ணுகிறது. மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் பெண்ணிடம் போய் நீங்கள் மாற்றுத்திறனாளியா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். நூல் கட்டும்போது கண் மங்குகிறதா என்று கேட்டால் ஆமாம் என்பார். செலவைக் கணிக்கிறவருக்கு இரண்டாவது பதில்தான் தேவை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் வீடு வீடாகக் கேட்பதற்கு ஒரு விரைவுக் கேள்வித்தாளை உருவாக்கி, 35 நாடுகளின் தரவுகளை 2022 அறிக்கையில் சேர்த்தது. எதைச் செய்யச் சிரமம், இப்போது என்ன வைத்திருக்கிறீர்கள், யார் பணம் கொடுத்தார்கள், எவ்வளவு தூரம் போய் வாங்கினீர்கள், இல்லையென்றால் ஏன் இல்லை என்று அது கேட்கிறது. இந்தக் கேள்விகளோடு சேரும்போதுதான் மக்கள்தொகைப் பெருக்கலுக்கு உயிர் வருகிறது. வெறும் சதவீதத்தை வைத்துப் பெருக்கினால், சிறிய எண் தேவைப்படுகிறவர் சிறியதை எடுத்துக்கொள்வார், பெரிய எண் தேவைப்படுகிறவர் பெரியதை எடுத்துக்கொள்வார்.

எண்ணிக்கை சரியாக அமைந்தாலும் ஒரு பெரிய பிழை பாக்கி இருக்கிறது. உபகரணத்தின் விலையைச் சேவையின் செலவாக எடுத்துக்கொள்வதுதான் அது. மூன்றாவது வழி இதைத் திருத்துவதற்காக இருக்கிறது. என் மனம் முழுக்க இதன் பக்கம்தான்.

ஒரு சக்கர நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2008ஆம் ஆண்டு வழிகாட்டி சக்கர நாற்காலிச் சேவையை எட்டுப் படிகளாகப் பிரித்தது. ஆளைக் கண்டறிந்து வரவழைப்பது, பரிசோதித்து அளவெடுப்பது, ஏற்றதைத் தேர்வது, பணம் ஏற்பாடு செய்து வாங்குவது, அவருக்கேற்பத் தயார் செய்வது, உட்காரவைத்துப் பொருத்துவது, பழக்குவது, பிறகு பழுது பார்ப்பதும் தொடர்ந்து கவனிப்பதும். நாற்காலியின் விலை இந்த எட்டில் ஒரு படியில்தான் வருகிறது. மற்ற ஏழுக்கும் ஆள் வேண்டும், நேரம் வேண்டும், டீசல் வேண்டும்.

உதாரணத்துக்காக நான் வைத்துக்கொள்ளும் தொகைகள் இவை; உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். நாற்காலி 10,000 ரூபாய். அளவெடுக்கவும் பொருத்தவும் பழக்கவும் ஆகும் பணியாளர் நேரம் 2,500. கிடங்கும் ஏற்றிறக்கமும் 1,000. முதுகுத்தண்டு அடிபட்டு உணர்ச்சி போனவருக்கு மெத்தைதான் உயிர். அது அமுங்கிப்போனால் படுக்கைப் புண் வரும். ஐந்து ஆண்டில் இரண்டு முறை மெத்தை மாற்ற 4,000. முதல் ஆண்டை விட்டுவிட்டு ஆண்டுக்கு 1,500 வீதம் டயர், டியூப், சக்கரம் சுழல உதவும் பால்ரஸ், முன் சக்கரம் என்று 6,000. மெக்கானிக் ஆண்டுக்கு இரண்டு முறை வந்துபோக ஐந்து ஆண்டுக்கு 5,000. மொத்தம் 28,500. நாற்காலியின் விலை இதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது.

28,500 என்ற எண்ணைப் பார்த்ததும் கட்டுப்படியாகாது என்று கோப்பைத் திருப்பி அனுப்புவார்கள். அனுப்பும் முன் இன்னொரு வகுத்தலையும் செய்ய வேண்டும். பத்தாயிரம் ரூபாய் நாற்காலியைக் கொடுத்துவிட்டுக் கைகழுவினோம், ஓராண்டில் அது மூலைக்குப் போயிற்று என்றால், பயன்பட்ட ஓர் ஆண்டுக்கு நாம் செலவழித்தது 10,000. எட்டுப் படியும் நடந்து ஐந்து ஆண்டு ஓடினால் ஆண்டுக்கு 5,700. மலிவு என்று நினைத்த கணக்குத்தான் ஏறத்தாழ இரு மடங்கு விலையுள்ளது. இந்தப் ‘பயன்பட்ட ஆண்டுக்கான செலவு’ என்ற ஒரு வரி எல்லாத் திட்ட மதிப்பீட்டிலும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நான் எல்லாரிடமும் மன்றாடிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இங்கேதான் திணை வருகிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்தும் உள்ள சீமை என்று நாங்கள் பெருமை பேசுவோம். செலவுக் கணக்குக்கு அது பெருமை மட்டுமல்ல, பாடமும்கூட. அம்பாசமுத்திரத்துச் சிமெண்ட் தெருவில் ஐந்து ஆண்டு ஓடும் நாற்காலி உவரியில் ஓடாது. நான் அங்கே பார்த்த ஒரு நாற்காலியின் முன் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். கரகரவென்று அரைந்து பாதியில் நின்றது. கழற்றியபோது பால்ரஸின் குண்டுகள் துருவேறி, ஈரச் செம்மண் போல விரலில் ஒட்டின. உப்புக்காற்று மூன்று மழைக்காலத்தில் செய்த வேலை. திசையன்விளைப் பக்கத்துத் தேரியில் வேறு சங்கடம். செம்மணலில் சிறிய முன் சக்கரம் புதைந்துவிடும். பின்னால் இருந்து தள்ளுகிறவர் நாற்காலியைத் திருப்பிப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போவதைப் பார்க்கலாம். அங்கே பெரிய முன் சக்கரமும் நீண்ட அடிச்சட்டமும் உள்ள நாற்காலி வேண்டும். அதன் விலையும் கூடுதல். மருத நிலத்தில் வரப்பு, குறிஞ்சியில் ஏற்றம். நாட்டுக்கெல்லாம் ஒரே விலையையும் ஒரே ஆயுளையும் எழுதினால் சிமெண்ட் தெருக்காரருக்கு மட்டுமே அது சரியாக இருக்கும்.

விதிகளும் இதைக் கவனிக்க வேண்டும். மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்துக்கு 2014இல் வந்த விதி, ஒரே உபகரணத்துக்கு மூன்று ஆண்டுக்குள் மறுபடி உதவி கிடையாது என்றது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓராண்டு. குழந்தைகளைத் தனியாக வைத்தது நல்ல காரியம். மானூர்ப் பக்கம் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் காலிபரை, அதாவது காலைத் தாங்கும் கம்பிச் சட்டத்தை, பார்த்தேன். கம்பி முழங்காலுக்கு எட்டவில்லை. ஷூவின் முன்பக்கத்தைத் தாத்தா பிளேடால் வட்டமாக வெட்டியிருந்தார். ஐந்து விரல்களும் வெளியே தெரிந்தன. பையன் வளர்வதற்கு யாரும் கணக்கில் இடம் வைக்கவில்லை. குழந்தைக்கான காலிபர், செயற்கைக் கால், காது அச்சு எல்லாம் ஐந்து ஆண்டு மதிப்பீட்டில் ஐந்து முறையாவது வர வேண்டும். பெரியவர்களின் சராசரி ஆயுளைக் குழந்தைக்கும் போடுவதுதான் நான் கண்ட மதிப்பீடுகளில் அடிக்கடி நேரும் தவறு.

காதொலிக் கருவிக்குப் பேட்டரி. ஒன்று பத்து நாள் வருமென்றால் ஒரு காதுக்கு ஆண்டுக்கு 36, இரண்டு காதுக்கு 72. ஒன்று 40 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 2,880. ஐந்து ஆண்டில் 14,400. இந்தப் பணத்தை யார் கொடுப்பது என்று திட்டத்தில் எழுதாவிட்டால் ஆச்சிகள்தான் கொடுக்க வேண்டும். அவர்கள் கொடுக்க மாட்டார்கள், கழற்றி வைத்துவிடுவார்கள். பின்னாளில் அந்தச் செல்லத்துக் கருவியில் புதுப் பேட்டரி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே வேலை செய்தது. மின்னேற்றும் வகை இப்போது வந்துவிட்டது. வாங்கும் விலை கூடுதல்தான், ஆனால் ஐந்து ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அதுவே மலிவாக முடியலாம். இந்த ஒப்பீட்டைச் செய்யப் பழைய செலவுக் கணக்காலும் முடியாது, மக்கள்தொகைப் பெருக்கலாலும் முடியாது.

மூன்றாவது வழியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. அதற்கு நாள் பிடிக்கும். ஒவ்வொரு படிக்கும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று பக்கத்தில் இருந்து எழுத வேண்டும். இன்னொன்று, ஆளுக்கு இவ்வளவு என்று கூட்டும்போது பட்டறையின் நிலையான செலவு ஒளிந்துகொள்ளும். செயற்கைக் கால் பட்டறைக்கு அடுப்பு, வெற்றிடப் பம்பு, செயற்கை உறுப்பு செய்து பொருத்தும் வல்லுநரின் சம்பளம், வாடகை என்று ஆண்டுக்கு 20 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 200 பேருக்குச் செய்தால் ஒரு காலுக்கு 10,000 ரூபாய் ஏறும், 500 பேருக்குச் செய்தால் 4,000. எத்தனை பட்டறை, எங்கே என்ற முடிவு ஒருவருக்கான செலவையே மாற்றிவிடுகிறது. ஆள் பலமும் ஒரு வரம்பு. செயற்கை உறுப்புச் சேவைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டுத் தர வரையறை பத்து லட்சம் மக்களுக்கு ஐந்து முதல் பத்து வல்லுநர்கள் வேண்டும் என்கிறது. பழைய திருநெல்வேலி மாவட்டத்துக்குக் குறைந்தது பதினைந்து பேர். அந்த ஆட்களைப் பயிற்றுவிக்கும் செலவை முதல் ஆண்டிலேயே எழுதாமல், நான்காம் ஆண்டில் ஆயிரக்கணக்கான கால்கள் பொருத்தப்படும் என்று எழுதுவது நடக்காத காரியம்.

சேவையை எந்த வடிவில் கொடுக்கிறோம் என்பதும் மதிப்பீட்டுக்குள்தான் வரும். முகாமில் ஆளுக்கான செலவு மிகக் குறைவாகத் தெரியும். காரணம் எட்டில் நான்கு படிகள் அங்கே நடப்பதில்லை. நிலையான மையத்தில் வேலை நேர்த்தியாக இருக்கும், ஆனால் உவரியிலிருந்து பாளையங்கோட்டைக்கு ஒரு முறை வந்துபோனால் இருவருக்குப் பஸ் செலவு, கூட வருகிறவரின் ஒருநாள் கூலி, ஹோட்டல் சாப்பாடு. இந்தச் செலவு அரசின் கோப்பில் வராது, குடும்பத்தின் தலையில் விழும். மூன்று முறை வரச்சொன்னால் மூன்றாவது முறைக்கு ஆள் வரமாட்டார். பாதிப் பொருத்திய கால் பட்டறையில் தொங்கும். நடமாடும் வாகனத்துக்கு எரிபொருளும் ஓட்டுநரும் தேவை என்பதால் அரசின் செலவு கூடும், குடும்பத்தின் செலவு குறையும். இரண்டையும் ஒரே தாளில் கூட்டினால்தான் உண்மை தெரியும். ஆய்க்குடியில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் வீடு தேடிப் போகும் பணியாளர்களைக் கொண்டு கிராமங்களில் மறுவாழ்வுப் பணி செய்துவருகிறது. உலக வங்கி உதவியோடு தமிழக அரசு நடத்தும் உரிமைகள் திட்டமும் சேவை மையங்களை மாவட்டத் தலைநகருக்குக் கீழே கொண்டுபோக முனைந்திருக்கிறது. ஆக, வீட்டுப் பக்கம் போகும் சேவையின் செலவை யாரும் வானத்தைப் பார்த்துக் கணிக்க வேண்டியதில்லை; அதைச் செய்கிறவர்களோடு ஒரு மாதம் சுற்றினால் போதும்.

எல்லா உபகரணத்துக்கும் இத்தனை பாடு தேவையா என்றால், தேவையில்லை. வெள்ளெழுத்துக் கண்ணாடி கையோடு சோதித்துக் கையோடு கொடுக்கக்கூடியது. விலையும் நூறு, நூற்றைம்பது ரூபாய்தான். கைத்தடியும் அப்படியே. இவற்றுக்கு மக்கள்தொகையைப் பெருக்கினாலே போதும். நாற்பது வயதைக் கடந்தவர்களின் எண்ணிக்கையிலிருந்து தொடங்கலாம். இவற்றைச் சிறிய விஷயம் என்று தள்ளிவிடவும் கூடாது. அசாமில் நாற்பது வயதைத் தாண்டிய தேயிலை பறிப்பவர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடி பெறாதவர்களைவிட அவர்களின் வேலைத்திறன் ஏறத்தாழ 22 சதவீதம் கூடியது என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற மேலப்பாளையத்துப் பெண்ணுக்கு அது என்ன பொருள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே என் முடிவு இது. கண்ணாடி, கைத்தடி, குளியலறை நாற்காலி போன்ற எளிய பொருள்களுக்கு மக்கள்தொகைக் கணக்கு. சக்கர நாற்காலி, செயற்கைக் கால், காலிபர், காதொலிக் கருவி ஆகியவற்றுக்கு ஆளைப் பின்தொடரும் கணக்கு, ஐந்து ஆண்டுக்கு. பழைய பதிவேடு விலைக்கும் கால தாமதத்துக்கும் மட்டும். இறுதியில் ஒற்றைத் தொகையாகக் கொடுக்காமல் குறைந்தபட்சம், நடுத்தரம், அதிகபட்சம் என மூன்றாகக் கொடுக்க வேண்டும். எந்த அனுமானம் மாறினால் தொகை எவ்வளவு புரளும் என்பதையும் எழுத வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், திட்டக்காரர்கள் திருநெல்வேலிக்கு வரட்டும். கடற்கரையில் ஓர் ஊர், தேரியில் ஓர் ஊர், ஆற்றுப் பாசனத்தில் ஓர் ஊர், மானாவாரியில் ஓர் ஊர், மலையடியில் ஓர் ஊர். ஒவ்வொன்றிலும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் உபகரணம் வாங்கியவர்களின் வீட்டுக்குப் போய், கொடுத்த பொருள் எங்கே இருக்கிறது என்று கேட்டு, எடுத்துக் காட்டச் சொல்லட்டும். பரணிலிருந்து எடுக்கிறார்களா, திண்ணையில் நிற்கிறதா, அதில் உட்கார்ந்துகொண்டேதான் பதில் சொல்கிறார்களா என்பதைக் குறித்துக்கொள்ளட்டும். திரும்பும் வழியில் பக்கத்துச் சைக்கிள் கடையில் நிறுத்தி, நாற்காலிக்குப் பஞ்சர் ஒட்டவும் பால்ரஸ் மாற்றவும் என்ன வாங்குகிறார் என்று விசாரிக்கட்டும். மதிப்பீட்டின் முதல் ஐந்து வரிகளை அந்தக் கடை வாசலிலேயே எழுதிவிடலாம்.